பெர்லின் பெட்டியில் 30 கிலோ சமையலறை: எது வேண்டும், எது வேண்டாம்?

கொருக்குப்பேட்டை கேட் – ஆகஸ்ட் 21, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். என் மனைவி செவிலியர். பெர்லினில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபர் முதல் வாரம் குடும்பத்தோடு கிளம்புகிறோம். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நான்கு. நான் இங்கே பார்த்த கணக்கு வேலையை விட்டுவிட்டு வருகிறேன். ஜெர்மன் படித்து எனக்கென்று ஒரு வேலை அமையும்வரை வீடும் அடுப்பும் என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த சமையல் மூன்று: சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். ரசம் நன்றாகவே வரும். ஆனால் ரசத்தை மட்டும் வைத்து ஒரு குளிர்காலத்தைக் கடத்த முடியாது.

நாங்கள் சைவம். பாட்டி வீடு ஏழுகிணற்றில், வள்ளலார் குடியிருந்த வீராசாமி தெருவுக்கு நடந்து போகும் தூரம். முட்டைகூட வீட்டுக்குள் வந்ததில்லை. காசிமேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மீன் வாங்காத வீடா என்று நண்பர்கள் கேலி செய்வது பழகிவிட்டது.

டிக்கெட்டுக்கு 23 கிலோ வீதம் நான்கு பேருக்கு 92 கிலோ. துணிமணி, புத்தகம், பிள்ளைகளின் சாமான் போகச் சமையலுக்கு 30 கிலோ ஒதுக்கியிருக்கிறோம். அம்மா போட்ட பட்டியல்: இட்லி அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 5, உளுந்து 4, புளி 3, நல்லெண்ணெய் 3, நெய் 2, சாம்பார்ப் பொடி 2, குழம்பு மிளகாய்த்தூள் 2, அப்பளம் 1, தாளிப்பு வடகம் 1, மிக்ஸி, குக்கர், இட்லிப் பானை, இரும்புத் தோசைக்கல். கூட்டிப் பார்த்தால் 46 கிலோ. இதற்கு மேல் ஒரு கல்சட்டி. "அதை மடியில் வைத்துக்கொண்டு போனால் எடை போட மாட்டார்கள்" என்கிறார்.

முதல் சம்பளம் வரும்வரை கையிருப்பில்தான் ஓட்ட வேண்டும். எதை எடுத்துப் போகலாம்? அங்கே வாரம் முழுக்க என்ன சமைக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூலக்கொத்தளம் மாமா – ஆகஸ்ட் 21, இரவு 11.02

தம்பி, அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கு அங்கே நூறு ரூபாய் கேட்பான். கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால் ஆறு மாதத்துக்கு வேண்டியது மொத்த விலையில் கிடைத்துவிடும். துணியைக் குறைத்துக்கொள்ளுங்கள், துணி எங்கும் கிடைக்கும். நெய்யை டப்பாவில் ஊற்றி டேப் சுற்றி எடுத்துப் போங்கள், ஒன்றும் ஆகாது.

ஸ்பிரே நதிக்கரை – ஆகஸ்ட் 22, அதிகாலை 2.30

மாமா மன்னிக்க வேண்டும். நெய் விஷயத்தில் ஆகும். எனக்கு ஆயிற்று.

நான் ராயபுரம், கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால். பெர்லினில் ஆறு வருடமாக இருக்கிறேன். முதல் முறை வந்தபோது இரண்டு லிட்டர் நெய்யும் ஒரு கிலோ பால்கோவாவும் கொண்டுவந்தேன். சுங்க மேசையில் ஓர் அம்மாள் கையுறை போட்டுக்கொண்டு இரண்டையும் என் கண்முன்னே தொட்டியில் போட்டார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி பால் பொருள், இறைச்சி எதுவும் கொண்டுவரக் கூடாது. நெய், பன்னீர், பால் இனிப்பு எல்லாம் அதில் அடக்கம். பச்சைக் காய், கீரை, கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், அதையும் விட்டுவிடுங்கள். கொப்பரை வேண்டவே வேண்டாம். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று அதை விமானத்தில் விடுவதில்லை.

நெய்க்கு அழ வேண்டாம். இங்கே உப்பில்லாத வெண்ணெய் எந்தக் கடையிலும் 250 கிராம் கட்டியாகக் கிடைக்கும். ஒரு கட்டியை உருக்கினால் 200 கிராம் நெய் நிற்கும். சிறிது புளிக்கவைத்த பாலேட்டில் எடுத்த வெண்ணெயும் உண்டு. அதை உருக்கினால் நம் வீட்டு நெய் மணமே வரும். முருங்கை இலை ஒன்றுதான் குறை.

இனி பாத்திரம். வாடகை வீட்டில் கண்ணாடி போட்டதுபோல் வழுவழுப்பான மின் அடுப்புதான் இருக்கும். அதில் இரண்டு வகை. சாதாரண வகையில் அடி தட்டையான எந்தப் பாத்திரமும் சூடாகும். இண்டக்ஷன் வகை காந்தம் ஒட்டும் அடிப்பாகத்தைத்தான் மதிக்கும். அம்மாவின் அலுமினிய இட்லிப் பானை அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், தண்ணீர் வெதுவெதுப்புகூட ஆகாது. உங்களுக்கு எந்த வகை அமையும் என்று இப்போது தெரியாது என்பதால் இரண்டுக்கும் பொருந்துவதாக வாங்குங்கள். ஈவினிங் பஜார் பாத்திரக் கடைக்குப் போகும்போது வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். குக்கரின் அடியில் வைத்துப் பாருங்கள். நழுவினால் வேறு குக்கர் கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இட்லிப் பானை வேண்டாம், தட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வாங்கும் உயரமான பாத்திரம் எதற்குள்ளும் அவை இறங்கும், எடை அரைக் கிலோகூட வராது. இரும்புத் தோசைக்கல் இரண்டு அடுப்பிலும் வேலை செய்யும். ஆனால் இழுத்து இழுத்து வைத்தால் கண்ணாடியில் கீறல் விழும், கீறலுக்கு வீட்டுக்காரர் வைப்புத்தொகையில் கை வைப்பார். இங்கேயே ஒரு தட்டையான வாணலி வாங்கிக்கொள்ளலாம்.

மிக்ஸி அவசியம் கொண்டுவாருங்கள். நம் ஊரைப் போலவே இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் பொருந்தாது, எர்த் உள்ள அடாப்டர் வாங்கினால் போதும். அமெரிக்கா, கனடா போகிறவர்கள் இந்த வரியைப் படித்து ஏமாற வேண்டாம், அங்கே 120 வோல்ட். இன்னொன்று, இரவு பத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் சத்தம் போடக் கூடாது என்பது இங்கே எழுதிய விதி. சட்னியைச் சனிக்கிழமையே அரைத்துவிடுங்கள்.

அரிசி பருப்பைச் சுமக்க வேண்டாம். முதல் வாரத்துக்கு இரண்டிரண்டு கிலோ போதும். நீங்கள் கொண்டுவர வேண்டியது குழம்பு மிளகாய்த்தூள். கொத்தமல்லி விதையும் மிளகாயும் நம் கைக்கணக்கில் வறுத்து மெஷினில் அரைத்த அந்தத் தூள் இரண்டு கிலோ, ரசப்பொடி அரை, பெருங்காயம், ஒரு கிலோ புளி. பெருங்காயத்தை மூன்று உறை போட்டுக் கட்டுங்கள். என் கணவரின் கோட்டு ஒரு வருடம் மணத்தது.

மாமா சொன்னதில் நான் ஒப்பாத இன்னொன்று துணி. பிள்ளைகளின் குளிர்காலக் காலணி இங்கே வாங்கினால் கையிருப்பில் பெரிய ஓட்டை விழும். இட்லி அரிசிக்கு ஒதுக்கிய பத்துக் கிலோவை அதற்குக் கொடுங்கள்.

மூலக்கொத்தளம் மாமா – ஆகஸ்ட் 22, காலை 7.20

சரி அம்மா. எனக்குத் தெரிந்தது துபாய். அங்கே ஒருவரும் என் நெய்யைத் தொட்டதில்லை.

கொருக்குப்பேட்டை கேட் – ஆகஸ்ட் 22, இரவு 9.10

மிக்க நன்றி அக்கா. பட்டியலை மறுபடி எழுதினேன், இருபது கிலோவுக்கு வந்துவிட்டது. வடகத்தை நானே அடித்துவிட்டேன். பெட்டி முழுக்க வாசனை ஏறிவிடும் என்று பயம். அம்மாவுக்கு வருத்தம்.

ஒரு கேள்வி. இட்லி அரிசி இல்லாமல் இட்லி எப்படி? பிள்ளைகள் காலையில் இட்லி, தோசை தவிர வேறு எதையும் ஏற்பதில்லை. குளிரில் மாவு புளிக்குமா?

தண்டையார்ப்பேட்டை அத்தை – ஆகஸ்ட் 23, பகல் 3.45

மகன் வீட்டில் ஒரு பனிக்காலம் முழுக்க இருந்து வந்தவள் நான். மாவு புளிக்கும், ஆனால் புளிக்கவைக்க வேண்டும். நம் ஊரில் மாவு பொங்கி வழிகிறதே என்று திட்டுவோம், அங்கே அது எழும்புகிறதா என்று பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பதுபோல் நிற்க வேண்டும்.

ஜெர்மன் கடையிலேயே புழுங்கல் அரிசி உண்டு, உறையில் 'பார்பாயில்ட்' என்று போட்டிருக்கும். நீள அரிசிதான், இருந்தாலும் நான்கு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் போட்டால் இட்லி வருகிறது. நம் இட்லி அரிசி போல் வராது, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஒரு பிடி அவலை ஊறவைத்துச் சேர்த்தால் சரியாகும். அரைக்கும்போது தண்ணீர் சூடேறக் கூடாது. கரைக்கும்போது கையால் கரைக்க வேண்டும், கரண்டியால் அல்ல. பிறகு ஓவனைப் பற்றவைக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். அந்தச் சின்ன விளக்கின் சூடே போதும். இரவு எட்டுக்கு வைத்தால் காலையில் பார்க்கலாம். சில நாள் பகல் பன்னிரண்டு ஆகும். மருமகள் ஒரு நாள் மாவு உள்ளே இருப்பதை மறந்து ஓவனை 200 டிகிரிக்குப் போட்டுவிட்டாள். அன்று கிடைத்ததற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

வாரம் ஒருமுறை அரைத்து, முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசியில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். மீதி நாள் உப்புமா. ரவை வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். மென்கோதுமை ரவை கஞ்சியாகிவிடும். 'ஹார்ட்வைட்ஸன்' என்று போட்ட கடின கோதுமை ரவைதான் உதிரியாக வரும்.

வடலிக்கரை – ஆகஸ்ட் 24, மாலை 6.00

தம்பி, நான் யாழ்ப்பாணம். 1985இல் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி மேற்குப் பக்கம் கடந்த கூட்டத்தில் ஒருவன். அப்போது மிளகாய்த்தூளுக்கே வழியில்லை. இப்போது எங்கள் ஆட்களின் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழைப்பூ, இடியப்ப மா எல்லாம் வாரந்தோறும் வந்து இறங்குகிறது. ஆகையால் பயம் வேண்டாம். பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தால் எந்தக் கடையில் எது மலிவு என்று பத்துப் பேர் சொல்வார்கள், பத்தும் வேறு வேறாக இருக்கும்.

கடைக்கு வந்து "சைவச் சாப்பாடு" என்று கேட்டாலும் விளங்கும். நாங்கள் மரக்கறிச் சாப்பாடு என்போம். "பருப்பு" என்று மட்டும் கேட்டால் எங்கள் கடையில் மைசூர்ப் பருப்பைத்தான் தருவார்கள், அந்தச் சிவப்புப் பருப்பு. அதையே பழகிக்கொள்ளுங்கள் என்பது என் ஆலோசனை. துவரம்பருப்புக்கு இந்தியக் கடைக்குப் போக வேண்டும், விலையும் கூட. சிவப்புப் பருப்பு ஆல்டி, லிடில் போன்ற மலிவுக் கடைகளிலேயே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பெர்லின் குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர், சுண்ணாம்பு நிறைந்தது. கெட்டிலின் அடியில் ஒரு மாதத்தில் வெள்ளைப் பாளம் கட்டும். அந்தச் சுண்ணாம்பு பருப்போடு சேர்ந்து அதைக் குழையவிடாமல் பிடித்துக்கொள்ளும். துவரையும் கடலையும் எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு கிடக்கும். முதல் நாள் ஊறவையுங்கள், வேகும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், உப்பும் புளியும் வெந்த பிறகு. சிவப்புப் பருப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, குக்கரே வேண்டாம், கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். தேங்காய்ப்பால் கொஞ்சம், பச்சைமிளகாய், வெங்காயம், மஞ்சள் போட்டு இறக்கினால் சோற்றுக்கும் பாணுக்கும், அதாவது ரொட்டிக்கும், அதுவே கறி.

கொருக்குப்பேட்டை கேட் – ஆகஸ்ட் 24, இரவு 8.30

ஐயா, இது பெரிய உதவி. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? இங்கே நாங்கள் 20 லிட்டர் கேன் வாங்கித்தான் குடிக்கிறோம்.

ஸ்பிரே நதிக்கரை – ஆகஸ்ட் 24, இரவு 11.50

தாராளமாகக் குடிக்கலாம். கேன் செலவு உங்களுக்கு மிச்சம். கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கினால் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்து வாங்குவார்கள், காலிப் பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். உங்கள் பெண்ணுக்கு அந்த இயந்திரம் மிகவும் பிடிக்கும்.

பேசின் பிரிட்ஜ் – ஆகஸ்ட் 25, காலை 10.05

கோபித்துக்கொள்ளாதீர்கள். வளரும் பிள்ளைகள், கடும் குளிர், புது ஊர். முட்டையாவது கொடுக்கக் கூடாதா? ஊரோடு ஒத்துப் போவதில் என்ன தவறு? கொள்கையைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டை கேட் – ஆகஸ்ட் 25, இரவு 10.40

இவருடைய கணக்கிலிருந்து மனைவி எழுதுகிறேன். இவர் இரண்டு மணி நேரமாகப் பதில் எழுதி எழுதி அழிக்கிறார், பார்க்கப் பொறுக்கவில்லை.

கேட்டவர் அக்கறையில்தான் கேட்கிறார். முட்டை கொடுக்கப் போவதில்லை, ஆனால் கேள்வி நியாயமானது. சைவக் குழந்தைக்குக் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது பி12. பால், தயிர், பாலாடைக்கட்டியில் அது இருக்கிறது, அதனால் பாலைக் குறைக்க மாட்டோம். இரும்புச் சத்துக்குப் பருப்பும் கீரையும், கூடவே எலுமிச்சை பிழிந்து. வைட்டமின் டி சைவம் அசைவம் எல்லாருக்கும் உள்ள பிரச்சினை. ஏறக்குறைய அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே வெயில் தோலில் பட்டு அது உருவாகும் அளவுக்கு இருக்காது. போனதும் குழந்தை மருத்துவரைப் பார்த்து அளவு கேட்டுத்தான் கொடுப்போம், நாமாகக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு செய்தி. பெர்லினில் ஒன்று முதல் ஆறாம் வகுப்புவரை பள்ளி மதிய உணவு 2019 ஆகஸ்டிலிருந்து இலவசம். சத்துணவு கண்ட ஊர்க்காரர்கள் நாம், இதைக் கேட்டதும் மனசு குளிர்ந்தது. சைவத் தட்டும் இருக்கும் என்றார்கள், ஆனால் அவர்கள் சைவத்தில் முட்டை உண்டு, அதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சின்னவனுக்கு மழலையர் கூடத்தில் இடம் கிடைத்தால் சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோதான். இடம் கிடைப்பதுதான் கல்யாணம் என்கிறார்கள்.

என் ஷிஃப்ட் காலை ஆறுக்கே தொடங்கும் நாளெல்லாம் இருக்கும். கையில் கட்டிக்கொண்டு போகத் தயிர் சாதமும் எலுமிச்சை சாதமும் இருந்தால் எனக்குப் போதும். இவர் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார். ரசம் நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறாரே, அதைச் சொன்னது அவருடைய அம்மா.

ஸ்பிரே நதிக்கரை – ஆகஸ்ட் 26, அதிகாலை 1.15

வாருங்கள், வாருங்கள். தயிர் சாதத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். 'மில்ஷ்ரைஸ்' என்று பால் பாயசத்துக்கு ஓர் உருண்டை அரிசி விற்பார்கள். குழைய வேகும். தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. தயிர் உறையூற்றவே வேண்டாம், 3.5 சதவீதக் கொழுப்புள்ள வெள்ளைத் தயிர் வாளியாக விற்கிறது. 'புட்டர்மில்ஷ்' என்று கடை மோர் கிடைக்கிறது, புளிப்பும் கனமும் மோர்க்குழம்புக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

பச்சைப் புள்ளி பார்த்து வாங்கிப் பழகிய நமக்கு இங்கே கண் தடுமாறும். மஞ்சள் வட்டத்தில் இலை முளைத்த V அடையாளம் இருந்தால் இறைச்சி இல்லை என்று நம்பலாம், முட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் அந்த அடையாளம் எல்லா உறையிலும் இருக்காது. நான்கு சொற்களை மனப்பாடம் செய்யுங்கள். ஷ்பெக் என்றால் பன்றிக் கொழுப்பிறைச்சி, டப்பா அவரைக்காய் சூப்பிலும் பயறு சூப்பிலும் ஒளிந்திருக்கும். ஷ்மால்ட்ஸ் என்றால் பெரும்பாலும் உருக்கிய பன்றிக் கொழுப்பு. ஜெலட்டீன் குழந்தைகளின் ஜவ்வு மிட்டாயில். லாப் என்பது பாலாடைக்கட்டி உறையவைக்கும் பொருள், கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு, நுண்ணுயிர் வகையும் உண்டு. 'மிக்ரோபியல்' என்று முன்னால் இருந்தால் வாங்கலாம். பார்மெசான் எப்போதுமே கன்று வகைதான்.

காய்கறிக்கு வாரம் ஒருநாள் போதும். செவ்வாயும் வெள்ளியும் மைபாஹ் ஊஃபர் என்ற கால்வாய்க் கரையில் துருக்கியர் சந்தை கூடும். கத்தரிக்காய், வெண்டைக்காய், கொத்தமல்லி, புதினா கட்டுக் கட்டாகக் கிடைக்கும். மூடும் நேரத்துக்கு மாலையில் போங்கள். பெட்டியோடு ஒரு யூரோ, இரண்டு யூரோ என்று கூவுவார்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்தக் கூவல் புரியும், கல்மண்டபத்தில் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்கும் அதே குரல்தான். கனிந்த தக்காளிப் பெட்டி கிடைத்தால் அன்றிரவே தக்காளித் தொக்கு.

குளிர்காலத்தில் மலிவு எது என்றால் கோஸ், கேரட், பீட்ரூட், உருளை, பரங்கி, நூல்கோல். நூல்கோலைச் சென்னையில் நான் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே அதுதான் என் சாம்பார்க் காய். கீரைக்கு உறைந்த பாக்கெட் இருக்கிறது, நறுக்கவும் வேண்டாம், மண்ணும் இருக்காது, பாசிப்பருப்போடு கூட்டு செய்தால் பிள்ளைகள் தின்னும்.

என் வாரம் இப்படித்தான் ஓடுகிறது. சனிக்கிழமை ஒரு பெரிய குக்கர் பருப்பு வேகவைத்து மூன்றாகப் பிரித்து இரண்டை உறையவைப்பேன். ஒன்று சாம்பார், ஒன்று ரசத்தோடு கூட்டு, மூன்றாவது எந்த நாள் உடம்பு முடியவில்லையோ அந்த நாளுக்கு. இடையில் ஒரு நாள் டப்பாக் கொண்டைக்கடலையில் காரக்குழம்பு, ஒரு நாள் சப்பாத்தி. சப்பாத்திக்கு முழுக்கோதுமை மாவு மட்டும் போட்டால் விரிசல் விடும், பாதி வெள்ளை மாவு கலக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மிச்சம் மீதி. குழம்பு இரண்டு நாளுக்கு வைப்பேன், பொரியல் அன்றன்றைக்கு. வேறு ரகசியம் ஏதும் இல்லை.

வியாசர்பாடி பர்மா லைன் – ஆகஸ்ட் 26, மாலை 5.30

எல்லாரும் இட்லியிலேயே நிற்கிறீர்கள். பர்மா நூடுல்ஸ் அத்தோவை மறந்துவிட்டீர்களா?

எங்கள் தாத்தா 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். வீட்டில் அத்தோ வாரம் ஒருமுறை. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் தள்ளுவண்டியில் விற்கும் ஆரஞ்சு நூடுல்ஸ் எந்த ஊரிலும் கிடைக்காது, அதன் இடத்தில் ஸ்பகெட்டி வைத்துக்கொள்ளலாம், ஐரோப்பாவில் அதைவிட மலிவான பொருள் உண்டா? முட்டை சேர்த்த நூடுல்ஸும் விற்பார்கள், கடினக் கோதுமையில் மட்டும் செய்ததைப் பார்த்து வாங்குங்கள். வேகவைத்து ஆறவிடுங்கள். பூண்டைச் சீவி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து எடுங்கள், அதே எண்ணெயில் வெங்காயத்தை முறுகவிடுங்கள். அந்த எண்ணெய்தான் அத்தோவின் உயிர், கொட்டிவிடாதீர்கள். கோஸை மயிர் போல் மெல்லியதாகச் சீவிப் பச்சையாகவே போடுங்கள். வறுத்த பொட்டுக்கடலைப் பொடி இரண்டு கரண்டி, கெட்டிப் புளித்தண்ணீர், இடித்த வரமிளகாய், உப்பு, வறுத்த பூண்டும் வெங்காயமும், மேலே நொறுக்கிய தட்டை. இறால் தூள் போடும் வழக்கம் உண்டு, நீங்கள் விட்டுவிடுங்கள். கையால் பிசைய வேண்டும். அடுப்பு வேலை இருபது நிமிடம்கூட இல்லை.

மூலக்கொத்தளம் மாமா – ஆகஸ்ட் 26, இரவு 7.00

இதைப் படித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கொருக்குப்பேட்டை கேட் – டிசம்பர் 7, மாலை 4.20

வந்து இரண்டு மாதம் ஆகிறது. மணி நான்குதான், வெளியே இருட்டிவிட்டது. சொன்னபடி நிலவரம் எழுதுகிறேன்.

எங்கள் விமானம் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் கடை ஒன்றுகூடத் திறக்காது என்று இந்த இழையில் யாரும் சொல்லவில்லை, அல்லது எல்லாருக்கும் பழகிப்போனதால் தோன்றவில்லை. பெட்டியில் இருந்த இரண்டு கிலோ அரிசியும் பருப்பும்தான் காப்பாற்றியது. பால் வாங்க மத்திய ரயில் நிலையம்வரை போனேன், அங்கே ஞாயிறும் கடை உண்டு. அதனால் இனி வருகிறவர்கள் வாரநாளில் இறங்கும்படி டிக்கெட் எடுங்கள்.

வாடகை வீட்டு அடுப்பு இண்டக்ஷன். காந்தம் வைத்து வாங்கிய குக்கர் முதல் நாளே விசில் அடித்தது. இரண்டாம் நாள் வரமிளகாயைக் கருகவிட்டேன், நடைவழியில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. கீழ்வீட்டுத் தாத்தா அரைக்கால் சட்டையோடு மேலே ஓடிவந்தார். இப்போது தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, நடைவழிக் கதவைச் சாத்தி, பையனை அந்தக் கருவிக்குக் கீழே விசிறியோடு நிறுத்துகிறேன். அவனுக்கு அது பெரிய பதவி.

நான்கு சொல் மனப்பாடம் செய்தும் ஒருமுறை கோட்டைவிட்டேன். பாட்டிலில் சிவப்பு முட்டைக்கோஸ், ஆப்பிள் படம் போட்டிருந்தது, கோஸில் என்ன இருந்துவிடப் போகிறது என்று வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து படித்தால் ஷ்மால்ட்ஸ். திறக்காமல் தாத்தாவுக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து நல்ல சிநேகம்.

செலவு: நாங்கள் நால்வர், பெண்ணுக்கு மதியம் பள்ளியில். வாரம் 65 முதல் 75 யூரோ ஆகிறது. முதல் இரண்டு வாரம் 100 தாண்டியது. காரணம், நான் எல்லாவற்றையும் ரூபாயாக்கிப் பார்த்து மலைத்து, மலைப்பில் தப்பான பொருளை வாங்கியதுதான். கொத்தமல்லியைப் பார்த்து மாமாவை நினைத்துக்கொண்டேன். இப்போது சந்தைக்குப் போவது வெள்ளி மாலை மட்டும். துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, சாம்பாருக்கு. மற்றதற்கெல்லாம் சிவப்புப் பருப்பு. வடலிக்கரை ஐயாவைக் கோயிலில் பார்த்தோம். கடை பற்றிப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள் என்றாரே, அவரே இரண்டு விதமாகச் சொன்னார்.

ஓவன் விளக்கில் மாவு பதினாறு மணி நேரத்தில் பொங்குகிறது. அத்தோ இங்கே புதன்கிழமை உணவாகிவிட்டது. பெண் அதைப் பள்ளித் தோழிக்கும் கொடுக்க, அந்தத் தோழி வீட்டிலிருந்து செய்முறை கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். பொட்டுக்கடலைக்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று. போன வாரம் முதல் பனி விழுந்தது. பையனின் குளிர்காலக் காலணியை எடுத்து உள்ளே கைவிட்டால் துணி முடிச்சு ஒன்று வந்தது. அம்மா. ஐந்தாறு பிளாஸ்டிக் உறைக்குள் தாளிப்பு வடகம், கால் கிலோ இருக்கும். காலணி மணக்கிறது, அது இருக்கட்டும். அன்றிரவு நூல்கோல் காரக்குழம்பில் ஒரு உருண்டையை உதிர்த்துத் தாளித்தேன். இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி கோட்டைப் போட்டபடியே வந்து அடுப்படியில் நின்று ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு முன் வடசென்னையிலிருந்து யாராவது பெர்லின் வருகிறீர்களா? அரைக் கிலோ போதும். உங்கள் பெட்டி மணக்காதபடி அம்மா கட்டிக் கொடுப்பார்.